அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது?

எங்கள் கரையில் வரப்போகும் திட்டத்துக்கு நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தின் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். இதுவரை 11 பேர் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் 4 பேர் சிரிப்புப் பொம்மையோடு. அந்தக் கூட்டத்தில் நானும்தான் இருந்தேன். மூன்றாவது வரிசையில், கேள்வி எழுந்த இடத்திலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி.

நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். திரையில் எங்கள் கரையின் படம். அதன் மேல் இளம்பச்சை வண்ணம் தீட்டி, பயன்பாட்டில் இல்லாத காலி நிலம் என்று எழுதியிருந்தார்கள். அங்கே நடைபாதை, உணவுக்கூடம், வாகன நிறுத்துமிடம் வருமாம். ஒரு வயதான பெண் எழுந்து, "ஐயா, அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது?" என்று கேட்டார். அதற்கு அந்த அலுவலர், "பாட்டி, மாதம் மாறினால் நிலம் மாறிவிடுமா?" என்றார். அரங்கம் சிரித்தது. நல்ல வாய்ச்சாமர்த்தியம்தான். பட்டிமன்றமாக இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

மாறும் ஐயா. எங்கள் ஊரில் மாதம் மாறினால் நிலம் மாறும்.

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், ஐந்தாம் வகுப்புப் படிப்பவனே சொல்வான். எங்களுக்குக் கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது நாட்டுப்படகுகள் வடகடலுக்குப் போய்விடும். வாடைக்காற்று எழும்பினால் வடகடலில் நிற்க முடியாது, எல்லாம் தென்கரைக்குத் திரும்பும். பெரிய வள்ளங்கள் பாம்பன் பாலத்துக்கு அடியில் கால்வாய் கடந்து வரும், சின்ன வத்தைகளை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். 1914 இல் ரயில் பாலம் வருவதற்கு முன்பே இந்தப் போக்குவரத்து இருந்திருக்கும். காற்றுக்கு யாரும் அட்டவணை போட்டுத் தரவில்லையே.

திரையில் காட்டியது எங்கள் தென்கரை. அந்தப் படம் ஆடி மாதத்தில், கச்சான் வீசும்போது எடுத்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? கடல் வெளுத்து நுரை தள்ளிக்கொண்டிருந்தது. கரையில் ஒரே ஒரு வத்தை கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் நீலத் தார்ப்பாய், நான்கு மூலையிலும் கல். அது எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது. அடிப்பலகை உடைந்ததால் இந்த ஆண்டு வடகடலுக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டார். படத்தைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தத் தார்ப்பாய் தெரிந்தது. திட்டம் போட்டவர்களுக்கு மட்டும் அது குப்பையாகத் தெரிந்திருக்கிறது.

இதில் என் வயிறு எரிவது எங்கே தெரியுமா? கூட்டம் நடந்தது ஐப்பசியில், வாடை எழும்பிய பிறகு. அரங்கத்திலிருந்து கரை ஐந்து நிமிட நடை. அன்றைக்கு அங்கே படகுகள் கரையேற்றியதும் நங்கூரமிட்டதுமாகத் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. நண்டுவலையில் சிப்பி பொறுக்கிக்கொண்டு குறைந்தது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். தேநீர் இடைவேளை 20 நிமிடம் விட்டார்கள். ஒருவராவது நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். போண்டா நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அது காலி இடம் இல்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அதோடு விடமாட்டீர்கள் என்று தெரியும்.

"பட்டா இருக்கிறதா?" என்று என் முந்தைய பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. புறம்போக்குதான். புறம்போக்கு என்றால் யாருக்கும் வேண்டாத நிலம் என்று எந்த அகராதியில் படித்தீர்களோ! மேய்க்கால் புறம்போக்கில் மாடு மேய்கிறது, கண்மாய்ப் புறம்போக்கில் தண்ணீர் நிற்கிறது, எங்கள் புறம்போக்கில் கருவாடு காய்கிறது. சட்டம்தான் வேண்டுமென்றால் சட்டமே பேசலாம். 2011 இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர் கிராமங்களையும் அவர்களுடைய பொது நிலங்களையும் மீன் காயவைக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று சொல்கிறது. மீன் காயவைக்கும் இடத்தை, ஆமாம், அந்த மணலைத்தான். எங்கள் வரைபடத்தில் கரையில் இருக்கும் மாதா கெபியை, அந்தச் சின்னக் குகைக்கோயிலை, குறித்திருந்தார்கள். மாதாவின் காலடியில் காய்ந்த காரல் மீனைக் குறிக்கவில்லை.

"வளர்ச்சி வேண்டாமா, வேலை வேண்டாமா?" இது அடுத்தது. வேண்டும். 2018 இல் மத்திய அரசின் நிதி ஆயோக், பின்தங்கிய மாவட்டங்களுக்கு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பெயர்வைத்து ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரத்துக்காரர்களான நாங்களும் மட்டுமே அதில் இருந்தோம். விழைவது எங்களுக்குப் பழகிப்போன தொழில். சுற்றுலாவுக்கும் நான் எதிரி இல்லை. காரங்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு ஓட்டுவது அந்த ஊர்க்காரர்கள், நண்டு சூப் வைத்துத் தருவது அந்த ஊர்ப் பெண்கள். வனத்துறையோடு ஊரும் சேர்ந்து நடத்துகிறது. அதில் யார் படகையும் அப்புறப்படுத்தி வாகனம் நிறுத்தவில்லை.

மேலே இருந்து வந்த திட்டத்தையும் பார்த்தவர்கள்தான் நாங்கள். 2017 இல் இராமேஸ்வரத்தில் ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இழுவைப் படகை விட்டுவிடு, 80 லட்சம் ரூபாய்ப் படகு, அதில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் கடன், 10 சதவீதம் உன் பங்கு. நோக்கம் கெட்டதென்று சொல்லமாட்டேன், பாக் நீரிணையில் இழுவை மடி குறைய வேண்டியதுதான். ஆனால் இன்று போய் நாளை திரும்புகிறவனிடம், வாரக்கணக்கில் கடலில் கிடந்து சூரை மீன் பிடிக்க முடியுமா, அதைக் கெடாமல் கொண்டுவந்து இறக்க இடம் உண்டா என்று முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால், மூன்று ஆண்டில் 2000 படகு என்ற கணக்கைக் காகிதத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

சரி. அடுத்த கேள்விதான் எனக்கு உறைத்தது. "நீங்கள் ஐந்தாண்டு ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தீர்களே, அப்போது என்ன கிழித்தீர்கள்?" கிழித்தீர்கள் என்றே எழுதியிருக்கிறார். தம்பி, உனக்குப் பதில் சொல்கிறேன்.

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தேன். அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. நாங்கள் வந்த மூன்றாம் மாதம் கொரோனா. ஒவ்வோர் ஆண்டும் கிராம வளர்ச்சித் திட்டத்துக்குப் பட்டியல் கொடுத்தோம். ஒவ்வோர் ஆண்டும் முதல் வரியில் நான் எழுதியது வலை பின்னும் கூடம். பெண்கள் வெயிலில் உட்கார்ந்து வலை பார்க்கிறார்கள், மேலே ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான். நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்பே கட்டிவைத்துவிட்டார்கள். மிச்சத்தில்தான் மற்றதெல்லாம். அந்த மிச்சம் ஒவ்வோர் ஆண்டும் பேவர் பிளாக் சாலையாக மாறிப்போகும். வலைக்கூடம் அடுத்த ஆண்டுப் பட்டியலின் முதல் வரிக்குப் போகும். என் கையெழுத்தில் ஐந்து முறை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், நீயே கண்டுபிடிப்பதற்கு முன்னால். ஒரு முறை தீர்மானப் புத்தகத்தில் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவசரம், நாளைக்குள் அனுப்ப வேண்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். போட்டேன். என்ன எழுதினார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை. ஆகவே என்னைச் சுத்தமானவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நான் தப்புச் செய்ததால் அந்தக் கரை காலியாகிவிடாது.

இப்போது அந்த ஓட்டை நாற்காலியும் இல்லை. 2025 ஜனவரி 5 ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். அரசியலமைப்பின் 243-ZD பிரிவில் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைத் தொகுத்து மாவட்டத்துக்கு வரைவு தயாரிப்பது அதன் வேலை. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும் என்றுதான் எழுதிவைத்தார்கள். நகராட்சிகளுக்காவது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊராட்சிக்கு யார்? அன்றைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊராட்சியின் சார்பில் மேடையில் உட்கார்ந்திருந்தவரும் அலுவலர், எதிரே விளக்கம் சொன்னவரும் அலுவலர். அவர் கேட்க இவர் சொல்ல, நாங்கள் போண்டா தின்றோம்.

அதனால்தான் அந்தக் கிழவி எழுந்தாள்.

அவள் என் அம்மா. காணொளியைப் பகிர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் பகிர்ந்தீர்கள்.

அம்மா 12 வயதிலிருந்து கடல்பாசி எடுத்தவள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் திணிப்பாள். விரல் நுனிகளில் ரேகை இல்லை. ரேஷன் கடை இயந்திரம் அவளை மூன்று முறை துடைத்து வைக்கச் சொல்லும், பிறகும் ஏற்காது. மன்னார் வளைகுடாத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 இல் தேசியப் பூங்கா ஆன பிறகு, பிழைத்த கடலில் திருடியைப்போலப் போய்வந்தாள். அந்தக் காலத்தில்தான் இந்தப் பகுதிப் பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, மற்ற நாள் கடலை விட்டுவிடுவது. யாரும் சொல்லித்தரவில்லை, திரையும் இல்லை, பச்சை வண்ணமும் இல்லை. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015 இல் சீகாலஜி என்ற சூழல் அமைப்பின் பரிசு கொடுத்து அமெரிக்காவுக்கு அழைத்தார்களே, அந்தப் பெண்களில் ஒருவராகத்தான் அவரும் போய் வாங்கிவந்தார். எந்த மாதம், எந்த நாள் என்பதை வைத்தே வாழ்ந்தவள் எந்த மாதம் என்று கேட்டால் அது உங்களுக்கு நகைச்சுவை.

வீட்டுக்கு வந்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "நான் தப்பாகவா கேட்டேன்?" என்றாள்.

கடைசியாக ஒன்று, இது ஊருக்கு இல்லை, ஒருவனுக்கு மட்டும். அண்ணன் மகன், சென்னையில் வேலை. என் முந்தைய பதிவின் கீழே வந்து, "அத்தை, கொஞ்சம் விரிந்த மனதோடு பாருங்கள், அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறான். 34 பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். சும்மா கிடக்கும் அந்த இடத்தில் உன் பாட்டி காயவைத்த கருவாட்டை விற்றுத்தான் உன் கல்லூரியின் இரண்டு பருவக் கட்டணத்தைக் கட்டினோம். உன் அப்பா இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார், அவர் சுபாவம் அப்படி. கிறிஸ்துமஸுக்கு வருவாய் அல்லவா? வாடை நின்றிருக்காது, படகெல்லாம் தென்கரையில்தான் இருக்கும். வாகன நிறுத்துமிடம் என்று குறித்திருக்கிறார்களே, சரியாக அந்த இடத்தில் கெபிக்கு இடப்பக்கம் இரண்டாவதாக நிற்பது உன் அப்பாவின் படகு. காரை அதற்கு முன்னால் நிறுத்தாதே. விடிகாலை நான்கு மணிக்கு இறக்க வேண்டும்.