தண்ணீர் குடித்தால் கரைப்பான் உடலை விட்டு வெளியேறிவிடுமா?

பெயின்ட், பசை, அச்சு மை ஆகியவற்றோடு வேலை செய்பவர்கள், அவற்றிலுள்ள கரைப்பான் உடலில் எவ்வளவு புகுந்தது என்று பார்க்கும் சிறுநீர்ச் சோதனைக்கு முன் நிறையத் தண்ணீர் குடித்தால், உடலில் சேர்ந்த கரைப்பான் முழுதும் கழுவப்பட்டுவிடும் என்றொரு செய்தி பகிரப்படுகிறது. அது உண்மையன்று.

மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உட்புகும் கரைப்பானை வேதிமாற்றம் செய்வது முக்கியமாகக் கல்லீரலே. டொலுயீன் என்ற கரைப்பான் பெரும்பாலும் ஹிப்யூரிக் அமிலமாகவும், சைலீன் என்ற கரைப்பான் மெத்தில்ஹிப்யூரிக் அமிலமாகவும் மாறிய பிறகே சிறுநீரில் இறங்குகின்றன. மிகுதியாகக் குடிக்கும் தண்ணீர் சிறுநீரை நீர்க்கச் செய்யுமே தவிர, கல்லீரலின் வேலையை விரைவுபடுத்தாது. அந்த நீர்ப்பும் மறைவதில்லை: முடிவு பெரும்பாலும் சிறுநீரில் இயல்பாகவே வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் அளவோடு ஒப்பிட்டே கணக்கிடப்படுகிறது, லிட்டருக்கு 0.3 கிராமுக்கும் குறைவாகக் கிரியேட்டினின் உள்ள மாதிரியைத் தவிர்த்து, வேறொன்று எடுப்பதே ஏற்கப்பட்ட நடைமுறை.

உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் ஹிப்யூரிக் அமிலத்தை உயர்த்தும் என்பது மெய்தான். அதனாலேயே டொலுயீனிலிருந்து உடலில் உருவாகும் ஆர்த்தோகிரெசாலையோ, மாறாத டொலுயீனையோ அளக்கிறார்கள். ஷிப்ட் முடிவில் எடுக்கும் அந்தச் சிறுநீர் மாதிரிதான் காற்றோட்டமும் கையுறையும் உண்மையில் காக்கின்றனவா என்று காட்டுகிறது. அதை நீர்க்கச் செய்யச் சொல்லும் அறிவுரை தொழிலாளியின் பாதுகாப்பையே பறிக்கிறது.