இட்லி கிடைத்ததா என்று எழுதாத பயணப் புத்தகங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் இருக்கும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் மேடான், தோபா ஏரி, ஹாட்யாய், பாலி என்று பேக்கேஜ் விளம்பரம் வந்து விழுகிறது. மூன்று பகல் இரண்டு இரவு, இந்தியச் சாப்பாடு உண்டு, ஷாப்பிங் உண்டு. போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். வருஷம் முழுக்க ஆலையிலும் ஆபீசிலும் மாரடிப்பவர்களுக்கு நாலு நாள் சொகுசு வேண்டியதுதான். ஆனால் பயணம் என்றாலே இதுதான் என்று பிள்ளைகளையும் பழக்கிவிடுகிறோம். எனக்கு இடிப்பது அங்கேதான்.

ஓர் இடத்துக்குப் போயே தீரவேண்டும் என்ற துடிப்பை வழிகாட்டிப் புத்தகம் தராது. எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று சொன்னதும் அதன் வேலை முடிந்தது. ஆளைக் கிளப்பிவிடுவது வேறு வகைப் புத்தகம். படித்து முடித்த கையோடு வரைபடத்தை விரித்து, "இந்த ஊர் எங்கேடா இருக்கு?" என்று விரல் வைத்துத் தேடச் சொல்லும். அது பயண நூலாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

எனக்கு அப்படி வாய்த்தது ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. நாவல்தான், நம் நாட்டு எழுத்தாளர் எழுதியது. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் "சயாமுக்குப் போனவங்க" என்று பாட்டிமார் குரலைத் தாழ்த்திப் பேசுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அது ஏதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றுதான் நினைப்பு. நாவலைப் படித்தபிறகு, சயாம் என்ற தாய்லாந்தின் ரயில்வே வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். 1942க்கும் 1943க்கும் இடையில், ஏறக்குறைய ஒரே வருஷத்தில், காட்டையும் மலையையும் வெட்டி ஜப்பானியர் போட்ட பாதை 415 கிலோமீட்டர், தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். அவர்களைப் போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம் ஆட்கள் மட்டும் பல பத்தாயிரம்.

விரல் அந்தக் கோட்டின் மேல் போனபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை இ.டி.எஸ். மின்சார ரயில், அங்கிருந்து பேங்காக் போகும் இரவு ரயில். பான் போங் பக்கம் அந்தப் பழைய பாதை பிரியும் இடம் வந்தபோது, பெட்டியில் மற்றவர்கள் தூங்க நான் மட்டும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எந்தப் பலகையும் நமக்காக நிற்கவில்லை. புத்தகம் படிக்காதவனுக்கு அது இன்னொரு ஸ்டேஷன், அவ்வளவுதான்.

அந்தப் பாதையில் வரும் காஞ்சனபுரியில் ஹோட்டல்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் வரைபடத்தில் பாலம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர். வரிசை வரிசையாகக் கல், பெயர், வயது, படைப்பிரிவு, வெட்டி ஒழுங்குபடுத்திய புல். பார்த்துவிட்டு யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. இறந்தவனை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்களுக்கு அப்படி வரிசையும் இல்லை, கல்லில் பெயரும் இல்லை. தாம் கிராசே என்ற இடத்தில் பாறையை ஒட்டி மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போகும். கீழே ஆறு. எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. ரயில் இப்போது நாம் தோக் வரைதான் ஓடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது, காடு எடுத்துக்கொண்டது. நாவலில் வரும் ஆட்களோ அதையும் தாண்டிப் போனவர்கள்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு நாவலும் ஒரு ரயில் வரைபடமும் சேர்ந்து செய்த காரியத்தை எந்த ஏஜெண்டும் செய்யமுடியாது.

தமிழில் பயண எழுத்துக்குப் பஞ்சமில்லை. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து, துண்டு துண்டாக ஃபிலிம் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டவர். எழுத்தில் தன்னைப் பற்றி அலட்டிக்கொள்ளவே மாட்டார். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு பயணம் போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யைப் படித்தால் நம் பேராக் ஆற்றின் கரையோடு ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். அதற்கப்புறம் வந்த பலது, மன்னிக்கவும், "காலையில் ஹோட்டலில் சூடான இட்லி கிடைத்தது, மனம் நிறைந்தது" வகை. மலேசியாவுக்கு வந்துபோன தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் பத்துமலையிலும் கோலாலம்பூரிலும் நின்றுவிட்டார்கள். தோட்டப்புறம் அவர்கள் கார் ஜன்னலுக்கு வெளியே ஓடிய பச்சை.

இன்னொரு பக்கம் பாருங்கள். இஸபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1879-இல், நாற்பத்தேழு வயதில், நம் பக்கத்து ஊர் கோலகங்சாருக்கு யானை மேல் வந்து சேர்ந்தார். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த துரை ஹியூ லோ ஊரில் இல்லை. அவர் பங்களாவில் இரண்டு குரங்குகளோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தங்கைக்குக் கடிதமாக எழுதி, 1883-இல் புத்தகமாகப் போட்டார். அவர் பார்வை காலனிக்காரப் பார்வைதான். சில இடங்களில் எரிச்சல் வரும். ஆனாலும் கண் திறந்து பார்த்திருக்கிறார். அதே ஹியூ லோவின் தோட்டத்தில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளுக்கு அவர் வந்தபோது இரண்டு வயது. அதில் ஒரு மரம் இன்னும் கோலகங்சாரில் நிற்கிறது. நம் தாத்தாமார்களைக் கப்பலேற்றிய மரம் அது. சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டாரில் அரை மணி நேரம். ஹாட்யாய்க்குப் பத்துத் தடவை போன நண்பர் ஒருவர் அதைப் பார்த்ததே இல்லை. பெயர் சொல்லமாட்டேன், இந்தப் பதிவைப் படிப்பார்.

"கடாரம் கொண்டான்" என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிற தம்பிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ராஜேந்திர சோழனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியில் ஒரு பகுதி "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்று ஆரம்பித்து ஊர் ஊராக அடுக்குகிறதே, அதை ஒருமுறை வரைபடத்தோடு வைத்துப் படியுங்கள். இலங்காசோகம் தாய்லாந்தின் பட்டாணிப் பக்கம், மாதமாலிங்கம் நக்கோன் சி தம்மராட், இலாமுரிதேசம் ஆச்சே, மாநக்கவாரம் நிக்கோபார் என்று ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். படையெடுப்பின் பட்டியல் என்பதை மறக்கவேண்டாம், பெருமை கொஞ்சம் அடங்கும். கடாரம் என்ற நம் கெடாவுக்கு நமக்கு விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், சண்டி புக்கிட் பத்து பகாட்டும், பின்னால் ஜெராய் மலையும் இருக்கின்றன. விடியலில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு.

"காசு? லீவு? பாதுகாப்பு?" என்று கேட்பீர்கள். நியாயம். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயப்படும் அம்மாவிடம் நான் வாதாடப் போவதில்லை. காட்டுக்குப் போகிறவர்கள் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள்; கோர்பு மலை 2,183 மீட்டர், விளையாட்டில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது. வீட்டு ஹாலில் ஒரு பெரிய பேராக் வரைபடம் மாட்டுங்கள். லாசா எங்கே, ஜாலோங் எங்கே, புளூஸ் ஆறு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கேட்கட்டும். ஆறாம் வகுப்பில் ஒரு நிலப்படப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மதியம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் உண்டு. அந்த வயதைப் போனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வேலையும் இருக்கிறது. நம் தோட்டங்கள் பல செம்பனையாகி, பிறகு வீடமைப்பாகிவிட்டன. லயம் இடிந்தது, பழைய தமிழ்ப்பள்ளி இடம் மாறியது, மாரியம்மன் கோயில் ரோட்டோரம் வந்துவிட்டது. கடையில் வாங்கும் வரைபடத்தில் தோட்டம் என்பது 'லாடாங்' என்ற ஒரே சொல். உள்ளே எந்த டிவிஷன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எது, ஆற்றைக் கடக்கும் தொங்குபாலம் எங்கே இருந்தது என்று ஒன்றும் கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு வரைபடம் 2004 முதல் இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து திருத்தலாம், தமிழ்ப் பெயரும் சேர்க்கலாம். இன்றைக்கும் நிற்கிற கோயிலை, பாலத்தை, பள்ளியை, தோட்டத்துச் சடக்கை அதில் போடுங்கள். இடிந்துபோனதை அங்கே சேர்க்கக்கூடாது. அதற்கு ஒரு பெரிய மணிலாத் தாள் வாங்கி, பென்சிலால் வரையுங்கள். எழுபது தாண்டிய தாத்தா ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தே தாரிக் செலவு என்னுடையது.

'சயாம் மரண ரயில்' என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். பென்சிலில் நான் ஊர்ப் பெயர்களை அடிக்கோடிட்டிருப்பேன், அழிக்காதீர்கள். போய் வந்தவர்கள் விட்டுப்போன ஊர்களுக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தால் இன்னும் சந்தோஷம்.