பழைய சோலார் பேனலை வித்தவங்களே திரும்ப எடுக்கணும்

போன வாரம் சாத்தூர்ல மாமா வீட்டு மொட்டமாடியிலேர்ந்து இறக்குன நாலு பழைய சோலார் பேனலை குட்டியானையில ஏத்திக்கிட்டு காயலான் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஒண்ண புரட்டிப் பாத்தாரு, நாலு பக்கமும் அலுமினிய ஃப்ரேமை நெம்பி எடுத்தாரு, பின்னாடி ஒயரை வெட்டுனாரு, அவ்வளவுதான். "இது ரெண்டுக்குத்தான் தம்பி காசு, கண்ணாடிய நீங்களே கொண்டு போயிருங்க"ன்னுட்டாரு. கண்ணாடி பூரா நொறுங்கியிருக்கு, ஆனா ஒரு சில்லு தனியா வரல, உள்ள இருக்குற பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டு ஈரப்பாய் மாதிரி தொங்குது. மத்தவங்க கொண்டாறத என்னண்ணே பண்றீங்கன்னு கேட்டேன், கடைக்குப் பின்னாடி இருக்குற ஓடைய காட்டுனாரு.

அவர குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. பேனல் எடையில முக்காவாசி கண்ணாடி. வெலை போற வெள்ளி, கண்ணாடிக்கு அடியில வெயில மின்சாரமாக்குற செல் மேல முடி மாதிரி கோடு கோடா ஓடுது, அத பிரிச்செடுக்க சூளை, ஆசிட்னு பெரிய ஏற்பாடே வேணும், காயலான் கடையில நடக்குற காரியமா அது? செல்லை சேத்து வைக்கிற சால்டர்ல ஈயம் இருக்கு, அது ஓடையில கெடந்து மழையில ஊறுது.

இன்வெர்ட்டர் பேட்டரிய பாருங்க, பழசக் கொடுத்தா கடைக்காரரே வெலை போட்டு எடுத்துக்குறாரு, ஏன்னா உள்ள இருக்குற ஈயத்துக்கு காசு வருது. பேனல்ல அந்த லாபம் இல்ல, அதனால சட்டம் போட்டுத்தான் எடுக்க வைக்கணும்.

சட்டமே இல்லாம இல்ல. 2022 இ-வேஸ்ட் (மின்னணுக் கழிவு) விதிகள் 2023 ஏப்ரல் 1லேர்ந்து அமல்ல இருக்கு, சோலார் பேனலும் அதுல வருது. ஆனா டிவி, ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கெல்லாம் வருசத்துக்கு இவ்வளவு ரீசைக்கிள் பண்ணியாகணும்னு இலக்கு வச்சவங்க, பேனல் கம்பெனிக்கு மட்டும் 2034-35 வரைக்கும் வேஸ்டை சேத்து வச்சு கணக்கு காட்டுனா போதும்னு விட்டுட்டாங்க. சேத்து வைக்கணும்னாலும் யாராவது வீட்டு வாசலுக்கு வந்து வாங்கணும்ல? மாமாவுக்கு பேனல் போட்ட கம்பெனி போர்டையே கழட்டிட்டுப் போயிருச்சு, 25 வருச வாரண்டி பேப்பர் மட்டும் பீரோவுல பத்திரமா இருக்கு.

இதுக்குத்தான், பழச எடுக்குற செலவுக்கான பணத்த பேனல் விக்கும்போதே தனியா எடுத்து வைக்கணும்ங்குறேன். ஐரோப்பாவுல 2012லயே பேனலை இ-வேஸ்ட் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, ஜெர்மனியில வீட்டுக்கு விக்கிற கம்பெனி, நாளைக்கு திவாலானாலும் பழச எடுக்குற செலவுக்கு இன்னிக்கே உத்தரவாதம் கட்டணும். இங்க 2024ல ஆரம்பிச்ச சூர்ய கர் திட்டத்துல 1 கோடி வீட்டுக்கு பேனல் போடுறோம், ஒரு வீட்டுக்கு 78,000 ரூபா வரைக்கும் மானியம். நல்ல திட்டம், நானே நாலு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த மானியம் வாங்குற பேனலுக்காவது, பழசான பிறகு யார் வந்து எடுப்பாங்கங்குறத சீரியல் நம்பரோட எழுதி வாங்குங்க, அதுக்கான காச கம்பெனிகிட்டயே முன்கூட்டி பிடிச்சு வைங்க.

மாமாவுக்கு புது பேனல் போட வந்த பையன்கிட்டயும் இதத்தான் கேட்டேன். "அதெல்லாம் 25 வருசம் கழிச்சு சார்"ன்னான். அவன கூட்டிட்டுப் போய், மாட்டுத்தொழுவத்துல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்குற அந்த நாலு கண்ணாடியையும் காட்டுனேன்.