44 நிமிஷமாம்!

காரைக்குடிக்காரன் நான், கோவையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். திருச்சியிலிருந்து கோவைக்கு விமானத்தில் 44 நிமிஷமாம். சிங்கப்பூரில் இருக்கிற தம்பி மகன் போனில் அடித்துச் சொல்கிறான். "பெரியப்பா, வெறும் 185 கிலோமீட்டர்! இந்தக் காலத்துல கல்யாணத்துக்கு யாராவது பஸ்ல போவாங்களா?"

சரி, பார்த்துவிடுவோம் என்று இணையத்தில் தேடினேன். தூரம் போட்டிருக்கிறது. நேரம் போட்டிருக்கிறது. பக்கத்தில் குட்டி விமானப் படம்கூட இருக்கிறது. விமானம்தான் இல்லை. இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டு, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 44 வந்துவிடுகிறது. இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டு முகப்பிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கும் பறக்கும் நேரம் சொல்லலாம்.

டிக்கெட் போடுகிற இடத்தில் கேட்டால் சென்னை வழியாகப் போ என்கிறது. மேற்கே இருக்கிற கோவைக்குப் போக நான் வடகிழக்கே 290 கிலோமீட்டர் பறக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி, ஐந்து மணி நேரம் கண்ணாடிச் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் இன்னொரு விமானத்தில் 400 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். 185-க்கு 700! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவன்கூட இதைவிடச் சீக்கிரம் தொட்டுவிடுவான்.

இதற்கும் முன்னால் காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை தாண்டித் திருச்சி விமான நிலையம் போய்ச் சேர வேண்டுமே, அதை அந்த 44-இல் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்? புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால் கோழி கூவுமுன் கிளம்ப வேண்டும். இத்தனைக்கும் பிறகு நான் கோவையில் இறங்கும்போது தாலி கட்டி, பந்தி முடிந்து, மண்டபத்தில் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள்.

சொன்னால், "அப்ப மதுரையிலிருந்து பாருங்க பெரியப்பா" என்கிறான். பார்த்தேனே! 175 கிலோமீட்டர், 43 நிமிஷம். அதுவும் சென்னை வழிதான். ஒரு நிமிஷம் மிச்சம், சந்தோஷம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் எங்கள் செட்டிநாட்டிலேயே விமான ஓடுதளம் போட்டான். இன்று எனக்கு ராத்திரி பஸ்தான் கதி. ஏறிப் படுத்தால் விடியும்போது கோவை சிங்காநல்லூர்.

அந்த பஸ்ஸாவது சும்மா போகுமா? நடுராத்திரியில் ஒரு ஓட்டலில் நிறுத்துவான். வாசலில் 'ஒரிஜினல் செட்டிநாடு' போர்டு. உள்ளே சிவப்புச் சாயத்தில் ஊறிய கோழி. மிளகு இல்லை, சோம்பு வாசம் இல்லை, கல்பாசியை அவன் கண்ணால் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். ஏனப்பா இப்படி எரிகிறது என்று கேட்டால், "செட்டிநாடுன்னாலே காரம்தானே சார், உங்களுக்குப் பழக்கமில்லை போல" என்கிறான். யாரிடம்? காரைக்குடிக்காரனிடம்!