மூச்சுப் பயிற்சி இருக்கட்டும், டியூட்டி பட்டியலைப் பேசலாமா?

பெண் மருத்துவர்களின் மனநலத்துக்கென்று மருத்துவமனைகள் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றி ஒரு பேச்சு, கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, கடைசியில் குரூப் போட்டோ. அதையும் நைட் டியூட்டி முடித்தவர்கள் தூங்கப் போகிற நேரமாகப் பார்த்து வைப்பார்கள்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது பெரும்பாலும் நேரக் கணக்காகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேற்பட்ட வெளிநோயாளர் சந்திப்புகளை அலசி 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. பொதுநல மருத்துவம் பார்க்கும் பெண்கள், ஒரு நோயாளிக்கு ஆண்களைவிடச் சராசரியாக 2.4 நிமிடம் அதிகம் ஒதுக்குகிறார்கள். அதனால் ஒரு வருடத்தில் அவர்கள் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைகிறது. இந்தப் பெண் மருத்துவர்கள் மூலம் வரும் கட்டணமும் கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைகிறது. "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் நேரம் ஆகத்தானே செய்யும்? அந்தக் கேள்வியில்தான் பல நேரம் நோயே பிடிபடும். தலையை எண்ணிக் காசு கொடுக்கும் முறையில் அதற்கு மதிப்பில்லை. (அவ்வளவும் பேசிவிட்டு, "பெரிய டாக்டர் எப்போ வருவார்?" என்று கேட்பவர்கள் தனி ரகம்.)

2017இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களைப் பற்றியது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் பெண் மருத்துவர்களிடம் 11.07 சதவீதம், ஆண்களிடம் 11.49. வித்தியாசம் சின்னது, காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் 'லேடி டாக்டர்னா லேட்டாகும்' என்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்களைப் பல வருடங்களாகத் திட்டமிட்டுக் குறைத்துவந்தது 2018இல் அம்பலமானது. கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டுப் போய்விடுவார்களாம். வேலை முறையை மாற்றுவதைவிடப் பெண்களைக் குறைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

மகப்பேறு விடுப்பு இருக்கிறதே என்பார்கள். சரி, இருக்கிறது. விடுப்பில் போன மருத்துவரின் இடத்தில் மாற்று ஆள் போடாமல், அவருடைய நைட் டியூட்டியை மற்றவர்கள் தலையில் கட்டினால் என்ன ஆகும்? கோபம் நிர்வாகத்தின் மேல் போகாது, வயிற்றுப் பிள்ளைக்காரி மேல்தான் போகும். அவரும் திரும்பி வந்ததும் பட்ட கடனை அடைப்பதுபோல யார் கேட்டாலும் டியூட்டி மாற்றிக்கொடுப்பார். அடுத்த மனநல நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தை அந்த மாற்று மருத்துவரின் சம்பளத்துக்குக் கொடுங்கள்.