அபு படங்களின் ப்ளூ-ரே பழைய டிவிடியின் நகல் அல்ல

நண்பரே, "சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றும் இருக்கும், கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரே, பழைய டிவிடியைப் பெரிதாக்கி விற்கும் வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

1993-ல் லண்டன் பிலிம் லேப் ஒன்றில் பற்றிய தீயில் இந்தப் படங்களின் மூல நெகட்டிவ்கள் (பிரதிகள் எடுக்க உதவும் அசல் பிலிம் சுருள்கள்) கருகின. அவற்றைத் தூக்கிப் போடாமல் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் இருபது ஆண்டுகள் பாதுகாத்தது. பிறகு இத்தாலியில் பொலோனியா நகர நிபுணர்கள், காய்ந்து சுருங்கிய பிலிமுக்கு மீண்டும் ஈரப்பதம் ஏற்றி, ஓரத் துளைகளைக் கையாலேயே சீரமைத்து, 4கே என்ற மிக நுணுக்கமான டிஜிட்டல் தரத்தில் ஸ்கேன் செய்தார்கள். முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதம் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே வந்தது. மூன்றாவது படமான 'அபுர் சன்சார்' மட்டும் மீட்க முடியாத நிலை. அதற்கு வேறு நல்ல பிரதிகளைப் பயன்படுத்தினார்கள்.

2015-ல் வந்த இந்த டிஸ்க்கில் மறுசீரமைப்பு பற்றிய குறும்படமும் இருக்கிறது. ராய் தன் கட்டுரையைத் தானே வாசிக்கும் 1958-ம் ஆண்டு ஒலிப்பதிவும் உண்டு. எனக்கு அதுதான் பொக்கிஷம். விலை அதிகம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேர் உழைப்பை ஏமாற்று வேலை என்று சொல்லாதீர்கள்.