நான்கு வயதுச் சிறுமிக்குச் சேரவேண்டிய பிரெஞ்சு மகுடம்

பிரான்சில் பெண்கள் அரியணை ஏற முடியாமல் போனதற்குச் பிராங்க் இனத்தாரின் பழைய ‘சாலிக் சட்டம்’தான் காரணம் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. முதன்முதலில் ஒரு பெண்ணை ஒதுக்கியது 1316-1317இல். அப்போது அந்தச் சட்டத்தை யாரும் எடுத்துக்காட்டவில்லை. செயின்ட் டெனி மடத்துத் துறவி ரிச்சர்ட் லெஸ்கோ பழைய ஏடுகளிலிருந்து அதைக் கண்டெடுத்து எழுதியது சுமார் 1358இல். அதற்கு அரசுரிமைக் கோட்பாடு என்ற வடிவம் கொடுத்து வாதாடியவர்கள் 15ஆம் நூற்றாண்டுக்காரர்கள். அந்தப் பழைய பிராங்க் சட்டப் பிரிவு பேசுவதும் நிலத்தைப் பற்றித்தான். மகுடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

உண்மையில் நடந்தது, அண்ணன் மகளின் உரிமையைச் சித்தப்பா ஏழு மாதத்தில் தன்வசமாக்கிக்கொண்ட கதை.

987இல் ஹியூ காப்பேயைப் பிரபுக்கள் கூடித்தான் அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த முறையும் தேர்தல் என்று வந்துவிடக் கூடாதே என்று, அவர் அதே ஆண்டிலேயே மகன் ராபர்ட்டுக்கும் முடிசூட்டினார். தந்தை உயிரோடிருக்கும்போதே மகனுக்குப் பட்டம் கட்டும் இந்த வழக்கம் 1179 வரை நீடித்தது. பிலிப் அகஸ்டஸ்தான் அப்படிப் பட்டம் பெற்ற கடைசி ஆள். அதற்குப் பிறகு அது தேவைப்படவே இல்லை. தந்தைக்குப் பின் மகன் என்பது அவ்வளவு ஊறிப்போயிருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மகன் இல்லாமல் எந்த அரசரும் இறக்கவில்லை. ஆகவே மகன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எங்கும் விதி எழுதிவைக்கப்படவில்லை.

1316 ஜூன் 5ஆம் தேதி பத்தாம் லூயி வின்சென் அரண்மனையில் இறந்தபோது அந்த நிலை வந்தது. முதல் மனைவி மார்கரெட் மூலம் ஜோன் என்ற நான்கு வயது மகள் இருந்தாள். இரண்டாம் மனைவி கிளெமென்ஸ் கர்ப்பிணி. லூயியின் தம்பி பிலிப் (பின்னாளில் ஐந்தாம் பிலிப்) அப்போது லியோன் நகரில், இரண்டு ஆண்டுகளாகக் காலியாக இருந்த போப்பாண்டவர் பதவிக்குத் தேர்தல் நடத்தவைக்கும் வேலையில் இருந்தார். கார்டினல்களை டொமினிக்கன் மடத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் பாரிசுக்கு விரைந்தார். எவ்வளவு காரியக்காரர் என்பதற்கு இது ஒன்று போதும்.

ஜூலை 17ஆம் தேதி, ஜோனின் தாய்மாமன் பர்கண்டிப் பிரபு யூடுடன் பிலிப் ஓர் ஒப்பந்தம் போட்டார். பிறப்பது ஆண் என்றால், அவன் வளரும்வரை நாட்டை ஆளும் பொறுப்பு பிலிப்புக்கு. பெண் என்றால், அவளும் ஜோனும் மணவயது வந்ததும் நவார் நாட்டையும் ஷாம்பெய்ன் பகுதியையும் பெற்றுக்கொண்டு பிரெஞ்சு மகுடத்தை விட்டுக்கொடுக்கலாம். மனமில்லை என்றால் தங்கள் உரிமையைக் கேட்கலாம். இந்த ஒப்பந்தத்தை ஊன்றிப் படியுங்கள். பெண்ணுக்கு உரிமையே கிடையாது என்று எல்லோரும் நம்பியிருந்தால், விட்டுக்கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது?

நவம்பர் 15ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. முதலாம் ஜான் என்று அரசராகிய அந்தச் சிசு ஐந்தே நாள் உயிரோடிருந்தது. ஆண் பிறந்து இறந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் பிலிப் நுழைந்தார். ஒப்பந்தம் இனித் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று முடிவெடுத்து, 1317 ஜனவரி 9ஆம் தேதி ரெய்ம்ஸில் முடிசூட்டிக்கொண்டார். நகரின் கதவுகளை அடைத்துப் படைவீரர்களை நிறுத்தி வைத்து நடந்த முடிசூட்டு விழா அது. சொந்தத் தம்பி சார்லஸே அன்று காலை நகரைவிட்டு வெளியேறினார். ஜோனின் தாய்வழிப் பாட்டி ஆக்னஸ், முன்னாள் அரசர் புனித லூயியின் மகள், எதிர்ப்புத் தெரிவித்தார். பலனில்லை.

எது முன், எது பின் என்று பாருங்கள். முதலில் முடிசூட்டல், பிறகுதான் விவாதம். ரெய்ம்ஸில் புனித எண்ணெய் பூசியாகிவிட்டால் அவர் அரசர். அதன்பின் எதிர்ப்பவர் ராஜத்துரோகி. பிப்ரவரியில் பாரிசில் ஆயர்களும் பிரபுக்களும் நகரத்தாரும் பல்கலைக்கழக அறிஞர்களும் கூடி, பிரான்ஸ் அரசுக்குப் பெண் வாரிசாக முடியாது என்று அறிவித்தார்கள். அபிஷேகம் முடிந்த அரசரின் முன்னால் வேறென்ன சொல்லியிருப்பார்கள்?

அந்த முடிசூட்டு விழாவில் நாட்டின் உயர்பிரபுக்களில் ஒருவராக நின்றவர் பிலிப்பின் மாமியார் மஹோ. தந்தையின் அர்த்துவா மாகாணத்தை, அண்ணன் மகன் ராபர்ட்டைத் தாண்டி, மகள் என்ற உரிமையில் பெற்றவர். 1309இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, 1318இலும் அவர் பக்கமே வந்தது. மாகாணத்தை ஆளப் பெண்ணுக்கு உரிமை உண்டு, நாட்டை ஆள மட்டும் இல்லை! ஏமாந்த ராபர்ட் பின்னாளில் போலிப் பத்திரங்களைக் காட்டி வழக்காடி, 1332இல் நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டிடம் போய்ச் சேர்ந்தார். 1337இல் எட்வர்டின் கையிலிருந்த குயென் மாகாணத்தைப் பிரான்ஸ் பறிமுதல் செய்யச் சொன்ன காரணங்களில் ராபர்ட்டுக்கு அடைக்கலம் தந்ததும் ஒன்று.

ஜோனின் பிறப்பில் சந்தேகம் இருந்ததால்தான் ஒதுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். 1314இல் அவள் தாய் மார்கரெட் கள்ளக்காதல் குற்றச்சாட்டில் சிறைப்பட்டதும், அடுத்த ஆண்டு கயார் கோட்டையில் இறந்ததும் உண்மை. ஆனால் ஜோன் லூயியின் மகள் இல்லை என்று எந்த மன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. சந்தேகத்தை உண்மையாகவே நம்பியிருந்தால் அவளுக்கு நவாரைத் தருவதாக ஏன் கையெழுத்திட வேண்டும்? நவார் அவளுடைய தந்தைவழிப் பாட்டி, நவார் அரசி ஜோன் வழியாகவே இந்தக் குடும்பத்துக்கு வந்தது. அங்கே பெண்ணாட்சிக்குத் தடையில்லை. அதையும் இரண்டு சித்தப்பாக்களும் பன்னிரண்டு ஆண்டுகள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதுதான் மன்னிக்க முடியாத பகுதி.

தாய்மாமனையும் விலைக்கு வாங்கினார்கள். 1318இல் யூடு பிலிப்பின் மூத்த மகளை மணந்து, சகோதரி மகள் ஜோனின் உரிமையை அவள் பெயரில் விட்டுக்கொடுத்தார். ஜோனுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 15,000 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) வருமானம்.

பிலிப் 1322இல் மகள்களை மட்டும் விட்டு இறந்தார். அவர் செய்த ஏற்பாடே அவர் மகள்களை ஒதுக்கியது. தம்பி சார்லஸ் ஆண்டார். அவரும் 1328 பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரல் 1ஆம் தேதி அவர் மனைவிக்குப் பிறந்ததும் பெண். அரியணை சித்தப்பா மகன் என்ற முறையுள்ள, வலுவா கிளையைச் சேர்ந்த பிலிப்புக்குப் போனது.

இங்கிலாந்தின் எட்வர்டின் வாதம் வேறு: பெண் ஆள முடியாவிட்டாலும் மகனுக்கு உரிமையைக் கடத்தலாம், எனவே சார்லஸின் சகோதரி இசபெல்லாவின் மகனான தானே இறந்த அரசருக்கு மிக நெருங்கிய ஆண். கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் பிலிப்பின் மகள் வயிற்றுப் பேரன் 1323இலேயே பிறந்துவிட்டான். தாய்வழி உரிமை செல்லும் என்றால், மூத்த மாமனின் பேரனைத் தாண்டி இவர் எப்படி முன்னால் வருவார்? எட்வர்ட் 1329இல் அமியேனில் வலுவா பிலிப்பைத் தன் மேலதிபராக ஏற்று வணங்கிவிட்டு, 1340இல் கெண்ட் நகரில் பிரான்ஸ் அரசர் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார்.

ஜோன் கடைசியில் நவாரைப் பெற்று 1329இல் பாம்ப்லோனாவில் முடிசூடினார். ஷாம்பெய்னைத் தரவில்லை. பாரிசுக்கு அருகே அவ்வளவு வளமான பகுதியை, அரியணைக்கே உரிமை உள்ளவரிடம் யார் கொடுப்பார்கள்? 1332இல் அவருக்குப் பிறந்த மகன் சார்லஸ் வலுவா அரசர்களை வாழ்நாளெல்லாம் அலைக்கழித்தார்.

ஜோனின் நவார் மகுடம் மகள்கள் வழியாகவும் கைமாறி, 16ஆம் நூற்றாண்டில் இன்னொரு ஜோனின் தலைக்கு வந்தது. அவர் மகன் ஹென்றி 1589இல் பிரான்சின் நான்காம் ஹென்றி ஆனார். நவார் அவருக்குத் தாயிடமிருந்து வந்தது, பிரான்ஸ் தந்தை வழியில் புனித லூயியின் இளைய மகன் ராபர்ட்டிடமிருந்து வந்தது.